பழைய வீடியோ கேசட்டைப் புது டிவியில் பார்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரணில் கிடந்த கல்யாண கேசட்டை எடுத்துக்கொண்டு வருபவர்கள் எல்லோரும் ஏறத்தாழ ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். வீட்டில் 55 இன்ச் டிவி இருக்கிறது, ஹோம் தியேட்டர் இருக்கிறது. ஆனால் கேசட்டைப் போட்டால் படம் வருவதில்லை. வந்தாலும் பார்க்கச் சகிக்கவில்லை. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே வைத்திருக்கிறேன். பெரும்பாலான வீடுகளில் இருப்பது வி.எச்.எஸ். கேசட்தான் என்பதால் பதில்களும் அதைப் பற்றியவையே. மற்ற வகைகளைப் பற்றி ஒரு கேள்வி நடுவில் வருகிறது.

டெக் இல்லாம கேசட்டை நேரா டிவியிலயோ கம்ப்யூட்டர்லயோ போட முடியாதா?

முடியாது. கேசட்டுக்குள் இருப்பது அரை அங்குல அகலக் காந்த நாடா. அதைப் படிக்கச் சுழலும் ஹெட் வேண்டும், அந்த ஹெட் கேசட்டை ஓட்டும் கருவியான டெக்கில்தான் இருக்கிறது. பதிவு வசதியுள்ள வி.சி.ஆர். ஆனாலும் சரி, வெறுமனே ஓட்டிக் காட்டும் வி.சி.பி. ஆனாலும் சரி, பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுதான்.

புதிய டெக் இனிக் கிடைக்காது. கடைசிவரை தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. ஆகவே சொந்தக்காரர் வீட்டில் மூடிவைத்திருப்பதோ, பழைய டிவி மெக்கானிக்கிடம் கிடப்பதோதான் வழி. பல வருடம் ஓடாத டெக்கில் பெல்ட் தளர்ந்திருக்கும், கிரீஸ் இறுகியிருக்கும், நாடாவை இழுக்கும் ரப்பர் உருளை கல்லாகியிருக்கும். அதனால் முதலில் போனாலும் பரவாயில்லை என்று நினைக்கும் ஒரு கேசட்டைப் போட்டுப் பாருங்கள். அது பத்து நிமிடம் ஓடி, கசங்காமல் வெளியே வந்த பிறகுதான் கல்யாண கேசட்டைத் தொடவேண்டும்.

என் டிவியில மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஓட்டையே இல்லையே, எங்க சொருகறது?

டிவியின் பின்னால் 'ஏ.வி. இன்' என்று எழுதிய சின்ன வட்ட ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஹெட்போன் ஓட்டை மாதிரியே 3.5 மி.மீ. அளவில் இருக்கும். அதற்கென்று மூன்று கலர் முனை உள்ள ஒரு குட்டிக் கேபிள் உண்டு. ஆனால் எல்லாக் கேபிளிலும் உள்ளே இணைப்பு ஒரே வரிசையில் இருப்பதில்லை. படம் வராமல் ஸ்பீக்கரில் 'உர்ர்' என்று சத்தம் மட்டும் வந்தால், டெக்கிலிருந்து படம் வரும் மஞ்சள் வயரை எடுத்துக் கேபிளின் சிவப்பிலும் வெள்ளையிலும் மாற்றி மாற்றிச் சொருகிப் பாருங்கள். பல வீடுகளில் பிரச்சினை இதோடு தீர்ந்திருக்கிறது. சில டிவிகளில் பச்சை ஓட்டையே மஞ்சளுக்கும் பொதுவாக இருக்கும், மெனுவில் ஏ.வி.யைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

இவை எதுவும் இல்லாவிட்டால் ஏ.வி.யை எச்.டி.எம்.ஐ. ஆக மாற்றும் கன்வெர்ட்டர் பெட்டி வாங்க வேண்டும். மிகச் சின்னப் பெட்டிதான். சென்னை ரிச்சி தெரு மாதிரியான இடங்களிலும் ஆன்லைனிலும் கிடைக்கும்.

கன்வெர்ட்டர் வாங்கி மாட்டினேன், 'நோ சிக்னல்'னே வருது. டெக் போச்சா?

டெக்கைக் குறை சொல்வதற்கு முன்னால் கன்வெர்ட்டரின் திசையைப் பாருங்கள். எச்.டி.எம்.ஐ.யிலிருந்து ஏ.வி.க்கு மாற்றும் பெட்டியும் அதே நிறத்தில், அதே அளவில் விற்கிறது. நமக்கு வேண்டியதில் ஏ.வி. பக்கம் 'இன்புட்', எச்.டி.எம்.ஐ. பக்கம் 'அவுட்புட்' என்று இருக்கும். அதற்கு யூ.எஸ்.பி. வழியாகத் தனிக் கரண்டும் கொடுக்க வேண்டும்.

அதெல்லாம் சரியென்றால் கேபிள் டெக்கின் 'அவுட்' பக்கம்தான் இருக்கிறதா என்று பாருங்கள். 'இன்' பக்கம் சொருகிவிட்டு மணிக்கணக்கில் தேடுபவர்கள் நிறைய.

டியூப் டிவியில நல்லாத்தானே இருந்துச்சு, இப்ப ஏன் இவ்வளவு மங்கலா இருக்கு? கேசட் கெட்டுப்போச்சா?

பெரும்பாலும் கேசட் கெடவில்லை. வி.எச்.எஸ். முதலில் வந்தது 1976-ல், ஜே.வி.சி. நிறுவனத்திடமிருந்து. அதில் பதிவாகும் கறுப்பு வெள்ளை விவரத்தின் அளவு சுமார் 3 மெகாஹெர்ட்ஸ்தான். ஒரு வரியில் குறுக்கே எண்ணினால் ஏறத்தாழ 320 புள்ளிகள். முழு எச்.டி. டிவியில் ஒரு வரிக்கு 1920. நிறத்தின் நிலைமை இன்னும் மோசம். கறுப்பு வெள்ளை விவரத்தில் ஒரு சிறு பங்குதான் நிறத்துக்கு. மணப்பெண்ணின் சிவப்புப் புடவை ஓரத்தைத் தாண்டிப் பக்கத்தில் நிற்பவர் சட்டை மேல் வழிவது இதனால்தான். அன்றும் வழிந்தது, சின்னத் திரையில் கண்ணுக்குப் படவில்லை.

திரையின் அளவும் கணக்கில் வருகிறது. 21 இன்ச் டியூப் டிவியின் படத்தை 55 இன்ச் டிவியில் அதே வடிவத்தில் காட்டினால் பரப்பளவு நாலரை மடங்கு பெரிதாகிறது. ஆனால் நாம் உட்காரும் சோபா நகரவில்லை.

மூன்றாவது காரணம் படம் வரையப்படும் முறை. நம் ஊர்க் கேசட்டில் ஒரு விநாடிக்கு 25 படம். ஒவ்வொரு படமும் ஒற்றை வரிகள் ஒரு முறை, இரட்டை வரிகள் ஒரு முறை என்று இரண்டு பாதியாகப் பதிவாகியிருக்கும். டியூப் டிவி அந்தப் பாதிகளை வந்த வரிசையிலேயே வரைந்தது. இன்றைய டிவி எல்லா வரியையும் ஒரே நேரத்தில் காட்டியாக வேண்டும். அதனால் விட்டுப்போன வரிகளைத் தானே ஊகித்து நிரப்புகிறது. ஊகம் தவறும்போது, ஆசீர்வாதம் செய்ய உயரும் கையின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரியும்.

எல்லாரும் குண்டா, குட்டையாத் தெரியறாங்களே?

கேசட்டின் படம் 4:3 வடிவம், டிவி 16:9. டிவியோ கன்வெர்ட்டரோ படத்தை இழுத்து நிரப்பினால் ஆட்கள் அகலமாகத் தெரிவார்கள். ரிமோட்டில் 'பிக்சர் சைஸ்' அல்லது 'ஆஸ்பெக்ட்' என்ற இடத்தில் 4:3 வையுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும்; அது வரத்தான் வேண்டும். 'ஜூம்' வேண்டாம். அது தலையையும் காலையும் வெட்டிவிடும், மங்கலையும் பெரிதாக்கும்.

மலிவான கன்வெர்ட்டர்கள் படத்தை இழுத்துத்தான் அனுப்புகின்றன. சில டிவிகள் எச்.டி.எம்.ஐ.யில் வருவதை 4:3 ஆக்க விடுவதும் இல்லை. கன்வெர்ட்டர் வாங்கும்போதே 4:3 தேர்வு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

டிவி செட்டிங்ல எதை மாத்தினா நல்லாத் தெரியும்?

கூட்டுவதைவிடக் குறைப்பதில்தான் பலன். 'விவிட்' மோடிலிருந்து 'சினிமா' அல்லது 'மூவி' மோடுக்கு வாருங்கள். ஷார்ப்னஸை நன்றாகக் குறையுங்கள். அது இல்லாத விவரத்தைக் கொண்டுவருவதில்லை, ஓரங்களில் வெள்ளைக் கோடு போட்டுப் புள்ளிகளைத்தான் தூக்கிக் காட்டும். மோஷன் ஸ்மூத்திங், டைனமிக் கான்ட்ராஸ்ட் இரண்டையும் அணையுங்கள். நாய்ஸ் ரிடக்‌ஷனைக் குறைவாக வையுங்கள். அதிகமானால் முகம் நகரும்போது பின்னால் நிழல் இழுக்கும். கேம் மோடு வேண்டாம், முன்பு சொன்ன வரி நிரப்பும் வேலையைப் பல டிவிகள் அந்த மோடில் அரைகுறையாகச் செய்கின்றன.

அப்புறம், சோபாவைப் பின்னால் தள்ளுங்கள், அல்லது படுக்கையறையில் இருக்கும் 32 இன்ச் டிவியில் பாருங்கள். பெரிய திரைதான் பெருமை என்று பலர் பிடிவாதமாக இருக்கிறார்கள். வி.எச்.எஸ்.ஸுக்குச் சின்னத் திரைதான் மரியாதை என்பது என் திடமான எண்ணம்.

படத்துக்கு அடியில ஒரு பட்டை நெளிஞ்சுக்கிட்டே இருக்கு. ரிப்பேரா?

இல்லை. டெக்கின் டிரம் நிமிடத்துக்கு 1500 முறை சுழல்கிறது. அதில் இருக்கும் இரண்டு ஹெட்களும் மாறி மாறிப் படிக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடம் படத்தின் கடைசிச் சில வரிகளில் விழுகிறது. டியூப் டிவி படத்தின் ஓரங்களைச் சட்டத்துக்குப் பின்னால் மறைத்துவிட்டதால் யாரும் பார்த்ததில்லை. டிவியில் 'ஓவர்ஸ்கேன்' என்ற தேர்வு இருந்தால் அதைப் போடுங்கள், மறைந்துவிடும்.

மேல்பக்கம் கொடிபோல் வளைவதும், நேரான தூண் நடுங்குவதும் வேறு. நாடா இழுபடும் வேகம் ஒரே சீராக இல்லாததால் ஒவ்வொரு வரியும் கொஞ்சம் முன்பின்னாகத் தொடங்குகிறது. அதைச் சீர்செய்ய டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவி உண்டு, உயர்ரக எஸ்-வி.எச்.எஸ். டெக்குகள் சிலவற்றில் உள்ளேயே இருக்கும். சும்மா பார்ப்பதற்கு அது தேவையில்லை. காப்பி எடுக்கும்போது பெரிய வித்தியாசம் தெரியும்.

படம் முழுக்கக் கோடு கோடா ஓடுது, சில நேரம் நீல ஸ்க்ரீன் வருது?

முதலில் டிராக்கிங், அதாவது ஹெட் நாடாவில் சரியான இடத்தைப் படிக்கும்படி ஒழுங்குபடுத்துவது. டெக்கின் முகப்பில் திருகாகவோ, ரிமோட்டில் பட்டனாகவோ இருக்கும். மெதுவாக ஒரு பக்கமாகத் திருப்பினால் கோடு கீழே இறங்கி மறையும் இடம் ஒன்று கிடைக்கும். எந்தக் கேசட்டைப் போட்டாலும் கோடு வந்தால் ஹெட் அழுக்கு. அதைத் தெரிந்தவர் கையால் துடைக்கக் கொடுங்கள். பஞ்சு சுற்றிய குச்சியால் துடைக்கவே கூடாது, நூல் சிக்கி ஹெட் முனை உடையும். பஞ்சு உதிராத மெல்லிய தோல் துணியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்து, அசையாமல் பிடித்துக்கொண்டு டிரம்மைத்தான் சுற்ற வேண்டும்.

நீலத் திரை பெரும்பாலும் டிவியோ டெக்கோ செய்வது. சிக்னல் தடுமாறினால் படத்தைக் காட்டாமல் நீலத்தைப் போட்டுவிடுகிறது. மெனுவில் 'புளூ பேக்' என்று இருந்தால் அணைத்துவிடுங்கள், கோட்டோடாவது படம் தெரியும்.

கேசட் கண்ணாடி வழியாப் பார்த்தா நாடா ஓரத்துல வெள்ளையாப் பூத்திருக்கு. துடைச்சுட்டுப் போடலாமா?

போடாதீர்கள். அது பூஞ்சை. கடலோர ஊர்களின் ஈரக்காற்றும் மழைக்காலமும் அதற்கு மிகவும் பிடிக்கும். அந்தக் கேசட்டை ஓட்டினால் டெக்கின் ஹெட் அடைத்துக்கொள்ளும், அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும், நாடாவும் கிழியலாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

கேசட்டின் பக்கவாட்டில் இருக்கும் சின்னப் பட்டனை அழுத்தினால் முன்கதவு தூக்கிக்கொள்ளும், அங்கேயும் பாருங்கள். பூஞ்சை இருந்தால் அந்தக் கேசட்டைத் தனியாக எடுத்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத டப்பாவில் சில நாள் வையுங்கள். நன்றாகக் காய்ந்தால் பூஞ்சை பொடிபோல் ஆகும். வெயிலில் காயவைக்க வேண்டாம், சூட்டில் நாடா கோணிவிடும். அதற்குப் பிறகு சுத்தம் செய்வதை இந்த வேலை தெரிந்தவரிடம் விடுங்கள். நீங்களே தொடுவதானால் வீட்டுக்கு வெளியே, முகக்கவசத்தோடு. ஆஸ்துமா உள்ளவர்கள் பக்கத்தில் இருக்கக் கூடாது.

நாடா அறுந்து போச்சு, செல்லோ டேப் ஒட்டலாமா?

வேண்டாம். செல்லோ டேப்பின் பசை கசிந்து ஹெட்டில் ஒட்டும். காந்த நாடாவுக்கென்றே ஒட்டும் டேப் உண்டு, அதை நாடாவின் ஹெட்டில் படாத பக்கத்தில் மட்டும் ஒட்ட வேண்டும். கேசட்டைக் கவிழ்த்தால் ஐந்து திருகுகள் தெரியும். கழற்றினால் உள்ளே இரண்டு சக்கரம். கூடு உடைந்திருந்தால் இரண்டு சக்கரத்தையும் அப்படியே வேறொரு கேசட்டின் கூட்டுக்கு மாற்றிவிடலாம். ஒட்டிய கேசட்டை ஒரே முறை ஓட்டுங்கள், அந்த ஒரு முறையிலேயே காப்பி எடுத்துவிடுங்கள்.

டொராண்டோவுல இருந்து சித்தப்பா அனுப்பின கேசட் கறுப்பு வெள்ளையா உருளுது, ஏன்?

படத்தைப் பதியும் முறை நாட்டுக்கு நாடு வேறு. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா எல்லாம் பேல் முறை: 625 வரி, விநாடிக்கு 25 படம். கனடாவும் அமெரிக்காவும் என்.டி.எஸ்.சி.: 525 வரி, விநாடிக்கு ஏறத்தாழ 30 படம். நாடா ஓடும் வேகமும் வேறு. பேல் மட்டும் தெரிந்த டெக்கில் அந்தக் கேசட்டைப் போட்டால் படம் உருளும், குரலும் மாறிப்போகும். இங்கே பதிவான கல்யாணத்தை அங்கே போட்டுப் பார்த்தவர்களுக்கும் இதே கதைதான். பிரான்ஸில் பதிவானது செகாம் என்ற மூன்றாவது முறையாக இருக்கலாம். பேல் டெக்கில் அது கறுப்பு வெள்ளையாகத் தெரியும்.

'மல்டி சிஸ்டம்' என்று எழுதிய டெக் இருந்தால் என்.டி.எஸ்.சி. கேசட்டையும் ஓட்டும். ஆனால் பல டெக்குகள் அதைப் பேல் 60 என்ற கலப்பு வடிவில் வெளியே அனுப்பும். பெரும்பாலான டிவிகள் அதை ஏற்றுக்கொள்ளும். கன்வெர்ட்டரும் கம்ப்யூட்டர் கருவியும் தடுமாறும். நேராக டிவியில் கலர் வருகிறது, கன்வெர்ட்டர் வழியாக வரவில்லை என்றால் காரணம் இதுதான். டெக்கில் அதற்கான சுவிட்ச் இருந்தால் முழு என்.டி.எஸ்.சி.க்கு மாற்றுங்கள்.

கேசட் சின்னதா இருக்கு. அடாப்டர் கிடைக்குமா?

வி.எச்.எஸ்.-சி என்று எழுதியிருந்தால் அடாப்டர் உண்டு, உள்ளே இருப்பது அதே அரை அங்குல நாடாதான். '8', 'ஹை8', 'மினி டி.வி.' (MiniDV) என்று எழுதியிருந்தால் நாடாவே வேறு. அதற்கு அடாப்டர் கிடையாது, யாராவது விற்றாலும் வாங்காதீர்கள். அந்தந்த வகைக் கேம்கார்டர்தான் வேண்டும்.

5.1 ஹோம் தியேட்டர் இருந்தும் சத்தம் ஒரே பக்கம்தான் வருது?

அநேகக் கல்யாண கேசட்டில் நாடா ஓரமாகப் பதிவான ஒற்றை மோனோ ஒலிதான் உண்டு. டெக்கில் ஒரே ஒரு ஆடியோ ஓட்டை இருந்தால் இடது ஸ்பீக்கர் மட்டும் பேசும். ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் 'ஒய்' கேபிள் போட்டால் இரண்டு பக்கமும் வரும். சரவுண்ட் எஃபெக்ட் எதையும் போடாதீர்கள், நாதஸ்வரம் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும். 'ஹை-ஃபை' என்று எழுதிய டெக்கில் அதே முறையில் பதிவான கேசட் என்றால் ஸ்டீரியோ மிக நன்றாக இருக்கும்.

பேச்சு வாயசைவுக்கு முன்னால் வந்தால், டிவி படத்தைச் சரிசெய்ய எடுக்கும் நேரம்தான் காரணம். ரிசீவரில் 'ஆடியோ டிலே'யைக் கூட்டுங்கள். 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் கேபிள் டிவி வயரைக் கழற்றிப் பாருங்கள்.

காப்பி எடுக்க ஸ்டூடியோவுல குடுத்தா டிவிடி போட்டுத் தர்றாங்க. அது போதாதா?

போதாது. மூன்று மணி நேரக் கேசட்டை 4.7 ஜி.பி. டிவிடியில் அடைக்கும்போது கூட்டம் நகரும் இடமெல்லாம் கட்டம் கட்டமாகிவிடும். டிவிடியும் சில வருடத்தில் படிக்காமல் போகலாம். கோப்பாகக் கேளுங்கள். 720க்கு 576 என்ற அளவில், 4:3 வடிவம் மாறாமல், இழப்பில்லாத முறையில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 30 ஜி.பி. ஆகும். அதுதான் மூலம். பார்ப்பதற்கும் பகிர்வதற்கும் அதிலிருந்து சின்னக் கோப்பு போட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்றும் கேளுங்கள். ஒவ்வொரு படமும் இரண்டு பாதி என்று முன்பு சொன்னேன் அல்லவா? சின்னக் கோப்பு போடும்போது விநாடிக்கு 50 படமாக விரிக்க வேண்டும். 25-ஆக ஆக்கினால் அசைவில் பாதி போய்விடும், நடை வெட்டி வெட்டித் தெரியும். மொத்தத்தையும் கொடுக்காமல் முதலில் ஒரு கேசட் கொடுத்து முடிவைப் பாருங்கள். திரையில் ஓடவிட்டுக் கேமராவில் பிடித்துத் தருபவரிடம் கொடுக்காதீர்கள்.

ஏ.ஐ. போட்டு 4கே ஆக்கலாம்னு சொல்றாங்களே?

ஆக்கலாம், ஆனால் அதில் தெரிவது கேசட்டில் இருந்தது அல்ல. 320 புள்ளியில் பதியாத விவரத்தை மென்பொருள் கற்பனை செய்து போடுகிறது. தூரத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் முகம் மெழுகுபோல் வழவழப்பாகி, மூக்குத்தி காணாமல் போய், கண் வேறு யாருடைய கண்ணாகவோ ஆவதைப் பார்த்திருக்கிறேன். பாட்டியைத் தெரியாதவர்கள் நன்றாக இருக்கிறது என்பார்கள். உங்களுக்குத் தெரியும். விளையாட்டுக்கு ஒரு காப்பியில் செய்து பாருங்கள், மூலக் கோப்பை மட்டும் தொடாதீர்கள்.

கடையில வாங்கின சினிமா கேசட்டை காப்பி எடுத்தா படம் வெளிச்சமாயி இருட்டாயி வருது?

சில கம்பெனி கேசட்டுகளில் காப்பித் தடுப்புத் துடிப்புகள் சேர்க்கப்பட்டிருக்கும். டிவி அவற்றைப் பொருட்படுத்தாது. பதிவுக் கருவி ஏமாந்து வெளிச்சத்தை ஏற்றி இறக்கும், சில கருவிகள் பதியவே மறுக்கும். உங்கள் கேசட் கெடவில்லை. அந்தப் படம் வேறு நல்ல வடிவில் கிடைக்கிறதென்றால் அதைப் பாருங்கள்.

கல்யாண வீடியோவை யூடியூப்ல ஏத்தினா காப்பிரைட்னு வருதே, எங்க வீட்டுக் கல்யாணம்தானே?

கல்யாணம் உங்களுடையது, மேலே ஓடும் சினிமாப் பாட்டு உங்களுடையது அல்ல. அன்றைய வீடியோகிராபர்கள் தாலி கட்டும்போதும் ஊர்வலத்திலும் பாட்டைச் சேர்த்தார்கள். யூடியூப் அதைத் தானாகக் கண்டுபிடிக்கிறது. குடும்பத்துக்குள் பகிர்வதற்குக் கோப்பாகவே அனுப்பிவிடுங்கள்.

இதில் ஒரு வருத்தமும் இருக்கிறது. பாட்டு வந்த இடத்தில் உண்மையான பேச்சு அழிந்திருக்கும். பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் இருவரிடமும் வெவ்வேறு காப்பி இருக்கலாம். ஒன்று இன்னொன்றிலிருந்து எடுத்ததாகவும் இருக்கலாம். நமக்குக் கிடைத்தது எடிட் செய்ததன் காப்பிதான் என்றால், எடிட் செய்யாத கேசட் யாரிடமாவது இருக்கிறதா என்று கட்டாயம் விசாரியுங்கள்.

கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு, இனிமே கேசட்டைத் தூக்கிப் போடலாமா?

வைத்துக்கொள்ளுங்கள். டெக் காட்டும் படத்தை எடுப்பதற்குப் பதிலாக, ஹெட்டிலிருந்து வரும் மூலச் சிக்னலையே பதிந்து மென்பொருளால் படமாக்கும் முறை இப்போது வந்திருக்கிறது. வி.எச்.எஸ்.-டீகோடு என்று பெயர். இன்றைக்கு எடுத்த காப்பியைவிட நல்ல காப்பி நாளைக்குக் கிடைக்கலாம், கேசட் இருந்தால்.

முழுவதும் பின்னோக்கிச் சுற்றி, புத்தகம்போல் நிற்கவைத்து, தரைக்கு மேலே வையுங்கள். சப்வூஃபர் பக்கத்தில் வேண்டாம், அதில் காந்தம் இருக்கிறது. முதுகுப் பக்கத்து மூலையில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிடுங்கள். அதன்பிறகு யாரும் தெரியாமல் அதன் மேல் எதையும் பதிய முடியாது. கோப்புகளை இரண்டு ஹார்ட் டிஸ்கில், இரண்டு வீட்டில் வையுங்கள்.

எங்ககிட்ட ஒரு பெட்டி நிறைய இருக்கு, காசும் கொஞ்சம்தான். எதை முதல்ல செய்யறது?

பூஞ்சை பிடித்தவற்றை மேலே சொன்னபடி பிரித்து வையுங்கள், அவற்றால் மற்றவை கெடக் கூடாது. பிறகு இன்று இல்லாதவர்களின் குரல் இருக்கும் கேசட். கல்யாணத்துக்கு நான்கு காப்பி எங்காவது இருக்கும். யாரோ மாமா கேம்கார்டரைக் கடன் வாங்கி எடுத்த காதுகுத்துக்கும் வீட்டுக் கொலுவுக்கும் அந்த ஒன்றுதான். அதில் பாட்டுப் போட்டிருக்க மாட்டார்கள், தாத்தா யாரையோ சாப்பிடக் கூப்பிடுவது அப்படியே இருக்கும். டிவியிலிருந்து பதிந்த பழைய விளம்பரங்களும் நிகழ்ச்சிகளும் அடுத்து. கடையில் வாங்கிய சினிமா கடைசி.